மன்னவனூரில் தோற்ற டெனர்

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாக 35 கிலோமீட்டர் போல போனால் மன்னவனூர். ஏரி, புல்வெளிச் சரிவு, மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே பகலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்று கவனிக்கலாம். குட்டி கத்தினால் கீச்சென்று இருக்கும். கிடா கத்தினால் அடித்தொண்டையில் வரும். சின்ன உடம்புக்கு மேல் குரல், பெரிய உடம்புக்குக் கீழ்க் குரல். யுகுலேலே விஷயத்தில் என்னை ஏமாற்றியது இந்தக் கணக்குதான்.

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி அங்கே நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தோம். என் கையில் டெனர் யுகுலேலே. அக்கா மகள் கையில் இருப்பதிலேயே சின்னதான சோப்ரானோ. "மாமா, உங்களோடது பெருசு, நீங்க முதல்ல வாசிங்க" என்றாள். வாசித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு அதே பாட்டை அவள் வாசித்தாள். எல்லாரும் கூடப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது மொத்தமே நாலு கார்ட்!

எனக்கு இந்த டெனரை வாங்கச் சொன்னவர்கள் சொன்ன காரணம்: "சோப்ரானோ குழந்தைகளுக்கு. பெரியவங்களுக்கு டெனர், அதிலும் லோ-ஜி தந்தி போட்டா முழு வாத்தியம்." இந்த ஆலோசனையில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அளவு. தந்தி அதிரும் நீளம் சோப்ரானோவில் ஏறக்குறைய 13 அங்குலம், கான்சர்ட்டில் 15, டெனரில் 17, பாரிடோனில் 19 முதல் 20. சோப்ரானோதான் மூத்தது. 1879-ல் மடெய்ராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறிய தச்சர்கள் அங்கே உருவாக்கிய வடிவம் அது. கான்சர்ட்டும் டெனரும் 1920-களிலும், பாரிடோன் 1940-களிலும் வந்தவை.

இப்போது சுருதி. முதல் மூன்று அளவுக்கும் வழக்கமான சுருதி ஒன்றேதான்: ஜி, சி, ஈ, ஏ. நம் கட்டைக் கணக்கில் 5, 1, 3, 6. ஒரு கட்டையை ஸட்ஜமாக வைத்தால் ப, ஸ, க, த. பாரிடோன் மட்டும் இறங்கி டி, ஜி, பி, ஈ ஆகிறது. கிட்டாரின் கடைசி நாலு தந்திகள் அவை.

நாகஸ்வரத்தில் இப்படி நடக்காது. குட்டையான திமிரி என்றால் மேல் சுருதி, நீளமான பாரி என்றால் கீழ் சுருதி. டி.என். ராஜரத்தினம் பிள்ளை பாரிக்கு மாறியபோது சுருதியும் கூடவே இறங்கியது. குழலில் நீளம்தான் சுருதி. தந்தியில் நீளம், தடிமன், முறுக்கு என்று மூன்று பிடிகள் இருக்கின்றன. நீளத்தைக் கூட்டினால் முறுக்கைக் கூட்டி அதே சுருதியில் நிற்கலாம். 13 அங்குலத்திலிருந்து 17-க்குப் போகும்போது, அதே தடிமன் தந்தியை அதே சுருதிக்கு ஏற்ற சுமார் 1.7 மடங்கு இழுவிசை வேண்டும். டெனரில் தந்தி விறைப்பாக இருப்பதும், ஒலி நீண்டு நிற்பதும் இதனால்தான். பெரிய பெட்டி கீழ் அதிர்வுகளுக்குத் தாங்கல் கொடுப்பதால் கனமும் சேர்கிறது. முதல் ஃப்ரெட்டின் அகலம் சோப்ரானோவில் சுமார் 18 மில்லிமீட்டர், டெனரில் 24. தடித்த விரல்காரர்களுக்கு இது உண்மையான வசதி.

ஆக, அளவு மாறினால் குரலின் கனம் மாறுகிறது, விரலுக்கு இடம் கிடைக்கிறது. அவ்வளவுதான். நெருப்பருகே என்னைத் தோற்கடித்தது அளவு இல்லை; நாலாவது தந்தி.

வழக்கமான சுருதியில் நாலாவது தந்தியான ஜி, மூன்றாவதான சி-யைவிட மேலே இருக்கிறது. நாலு வெற்றுத் தந்திகளும் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே, ஸ-விலிருந்து த வரைக்குள் அடங்கிவிடும். கீழ்நோக்கித் தட்டினாலும் மேல்நோக்கித் தட்டினாலும் ஓரத்தில் இருப்பது ஒரு மேல் ஸ்வரம். அந்தக் கலகலப்பு அங்கிருந்துதான் வருகிறது. என் டெனரில் லோ-ஜி. அதாவது அந்தத் தந்தி ஒரு ஸ்தாயி கீழே, 392 ஹெர்ட்ஸுக்குப் பதில் 196. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஒரு கனம். பாடுகிறவர்களின் குரல் இருக்கும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நான் கையில் வைத்திருந்தது ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்ட கிட்டாரின் நாலு தந்தி! அதைக் கேட்டு யார் எழுந்து பாடுவார்கள்?

"தந்திகள் கீழிருந்து மேலாக வரிசையாக இருக்கணும், இல்லேன்னா அது குறை" என்பது கிட்டார் பழக்கம். நமக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். மந்தர பஞ்சமம், பிறகு இரண்டு ஸாரணி, கடைசியில் மந்தர ஸட்ஜம். ஏறி இறங்கும் வரிசை. அந்த வரிசைதான் தம்புராவின் சுழற்சி. அதை "ஒழுங்குபடுத்தி" மீட்டிப் பாருங்கள், அந்தச் சுழற்சி போய்விடும். யுகுலேலேயின் மேல் ஜி-யும் அப்படித்தான்.

லோ-ஜி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெட்டைத் தனியாக வாசிக்கிறவர்களுக்கு அது தேவை. ஒரு கட்டையில் ஸட்ஜம் வைத்தால், வழக்கமான சுருதியில் ஸ-வுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நம் மெட்டுகளோ ஸ-விலிருந்து நி, த, ப என்று இறங்காமல் இருக்காது. அதற்கு லோ-ஜி மந்தர பஞ்சமம் வரை வழிவிடுகிறது. ஆனால் அது ஒரு தேர்வு. பெரியவர்களுக்கான பதவி உயர்வு இல்லை. ஜேக் ஷிமாபுகுரோ மேடையில் வாசிப்பது டெனர்தான், நாலாவது தந்தி மேல் ஜி.

நான் வாத்தியத்தை மாற்றவில்லை. ஒரு தந்தியை மட்டும் மாற்றினேன். முதல் வாரம் விரல் பழக்கத்தில் கீழ் ஸ்வரம் தேடித் தேடி ஏமாந்தது. இப்போது தட்டினால் கலகலக்கிறது, டெனரின் நீண்ட ஒலியும் கூடவே இருக்கிறது. வாங்கப் போகிறவர்களிடம் இனி "எந்த சைஸ்?" என்று முதலில் கேட்கப் போவதில்லை. "தனியா வாசிக்கவா, நாலு பேரைப் பாட வைக்கவா?" என்று கேட்பேன். சைஸ் அப்புறம்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் விளக்கினேன். "மாமா, அதுக்கு ஒரு தந்திதானே காசு?" என்றாள்.