மிச்சமாவது யாருடைய பணம்?

தெரு சுத்தமாக வேண்டுமென்றால் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் விட வேண்டும் என்பதைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் படித்தவர்கள் பலர் இன்று முடிந்துபோன வழக்காகவே பேசுகிறார்கள். 2022 அக்டோபர் 20-இல் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைப் பெருமளவு குறைத்து, கீழ்நிலை வேலைகளை வெளிமுகமைக்குத் திருப்பிவிட்டது. முந்தைய ஆண்டுதான் மாநகராட்சியான கடலூரும் அதில் அடங்கும். சிதம்பரம் போன்ற நகராட்சிகளுக்கு அரசாணை 139.

பழைய ஏற்பாடு பொற்காலம் அல்ல. காலியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படவில்லை. பழுதான லாரி ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றது. பேட்டரி வண்டி வாசலுக்கே வந்து மக்கும் குப்பையைத் தனியே வாங்கிப் போவது நல்ல மாற்றம்தான். இவற்றை மறுக்க வேண்டியதில்லை.

என் கேள்வி செலவைப் பற்றியது. தனியாருக்கு விட்டால் மிச்சம் என்கிறார்களே, அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒப்பந்ததாரரும் அதே பங்கில்தான் டீசல் போடுகிறார். திருப்பாப்புலியூரிலிருந்து குப்பைக் கிடங்குக்கு உள்ள தூரம் அவருக்காகக் குறைவதில்லை. மாசிமகத்துக்கு மறுநாள் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும், தேரோட்டம் முடிந்த இரவில் சிதம்பரம் நான்கு வீதிகளிலும் சேரும் குப்பை அதேதான். இதற்கு மேல் அவருடைய லாபமும் சேர்கிறது. இத்தனைக்கும் பிறகு செலவு குறைகிறது என்றால், குறைந்தது கூட்டுகிறவர்களின் கூலி, இல்லையேல் அவர்களின் தலைக்கணக்கு. வேறு இடமே இல்லை.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அந்தக் கூலிக்கும் நிரந்தரப் பணியாளரின் காலமுறை ஊதியத்துக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே இருக்கிறது: ஆண்டு ஊதிய உயர்வு, சம்பளத்தோடு விடுப்பு, பணியில் இறந்தால் வாரிசுக்குக் கருணை வேலை. பதினைந்து ஆண்டு கூட்டியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒப்பந்தத்தில் ஒன்றுதான். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அவர் புது ஆள் ஆகிறார். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர் பணியைக் கேட்டது. மூன்றாண்டுக்கு ஒரு முதலாளி மாறினால் அந்த ஐந்தாண்டை அவர் யாரிடம் காட்டுவார்? தெரு மாறவில்லை, வேலை மாறவில்லை. அடையாள அட்டையில் இருக்கும் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு நடந்தது இந்தக் கணக்கை ஊரறியச் செய்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குப் புதிய ஏற்பாட்டில் 17,000-க்கும் குறைவு என்பதுதான் அவர்களின் முதல் முறையீடு. தனியாருக்கு விடும் தீர்மானத்தை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆனால் கடைசியாக வாங்கிய ஊதியம் குறையக்கூடாது என்றது. அப்படி ஊதியம் குறையாது என்றால், தனியாருக்கு விட்டதில் மிச்சம் என்ன? இந்த ஒரு கேள்விக்கு ஆதரவாளர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஊர் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தலையில் ஏற்றிய வேலை இது. அதற்கு அரசுச் சம்பளமும் ஓய்வூதியமும் வந்த பிறகுதான் அந்த வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். வேலையை அவர்களிடமே விட்டுவைத்து, அதிலிருந்த பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொள்வதை நிர்வாகத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழி இல்லை என்பதும் சரியல்ல. ஒப்பந்த முறையில் பல ஆண்டு தவித்த பெங்களூரு, 2017-இல் இடையாளை விலக்கிப் பணியாளர்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. 2025 மே தினத்தில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தரப் பணி ஆணை கொடுத்தார்கள். வண்டியையும் கிடங்கையும் வேண்டுமானால் தனியார் நடத்தட்டும். ஆட்களை மாநகராட்சியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த டெண்டர் விடும் முன், கடலூர் மாமன்றமும் சிதம்பரம் நகர்மன்றமும் ஒரு தாளைக் கூட்டத்தில் வைக்கட்டும்: ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை எவ்வளவு, அதில் தெருவில் நின்றவர் கையில் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, அவர் பெயரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எந்த மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறது.