தெலீலாளுக்கு ஹாலிவுட் எழுதிய காதல்

சிம்சோன் தெலீலாளை நேசித்தான் என்கிறது நியாயாதிபதிகள் 16ஆம் அதிகாரம். அவள் அவனை நேசித்தாளா என்பதற்கு அதில் பதில் இல்லை. பெலிஸ்தரின் தலைவர்கள் ஆளுக்கு 1,100 வெள்ளிக்காசு தருவதாகச் சொல்ல, அவள் ரகசியத்தைக் கறந்து கொடுக்கிறாள். பிறகு கதையை விட்டே மறைகிறாள். 1949இல் பாரமவுன்ட் நிறுவனத்துக்காக செசில் பி. டெமில் எடுத்த ‘சாம்சன் அண்ட் டிலைலா’ இந்த மௌனத்துக்குள்தான் தன் கதையைக் கட்டியது.

விளாதிமிர் ஜபோட்டின்ஸ்கியின் நாவலையும் துணைக்கொண்ட திரைக்கதையில், சிம்சோன் மணக்க விரும்பும் பெண்ணின் தங்கையாகிறாள் தெலீலாள் (ஹெடி லமார்). வேதத்தில் பெயரில்லாமல் ஒரே வசனத்தில் வந்துபோகிறவள் அந்தத் தங்கை. ஆசை, அவமானம், பழி என ஒரு முன்கதை இப்படி அமைகிறது. விலை பேசும்போதும், அவன் மேல் கத்தி படக்கூடாது, ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது என்று நிபந்தனை போடுகிறாள். வேதத்தில் குருடான சிம்சோனைத் தூண்களருகே கூட்டிச்செல்பவன் ஒரு சிறுவன், படத்தில் தெலீலாள். கோயில் இடியும்போது அவளும் அங்கேயே சாகிறாள்.

அன்றைய ஹாலிவுட்டுக்கு இது தோதாக இருந்தது. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள், கள்ள உறவைக் காட்டினால் அதைத் தவறென்றும் காட்டச் சொல்லின. வேதக் கதைகளில் மோகமும் தண்டனையும் சேர்ந்தே கிடைத்தன. 1948ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் திரையரங்குகளைக் கைவிட வேண்டிய நிலை, வீடுகளில் தொலைக்காட்சி என்று ஸ்டுடியோக்கள் தவித்த காலம் அது. வண்ணமும் பிரம்மாண்டமும் தேவைப்பட்டன.

பின்வந்த படங்களும் இதே வழியில் நடந்தன. ஹென்றி கிங்கின் ‘டேவிட் அண்ட் பத்ஷீபா’வில் (1951), அரசன் மாடியில் உலாவும் நேரம் தெரிந்தே குளித்ததாக பத்சேபாள் ஒப்புக்கொள்கிறாள். 2 சாமுவேலில் நாத்தான் குற்றம் சாட்டுவது தாவீதை மட்டும்தான். படம் பழியைப் பங்குபோடுகிறது. ஆனாலும் கிரிகரி பெக்கின் தாவீது தன் குற்றத்தோடு தனித்து நிற்கும் காட்சிகளால், இவற்றுள் அதிக கனம் உள்ள படம் இதுவே. ‘சலோமி’யில் (1953) ரீட்டா ஹேவொர்த் ஆடுவது யோவான் ஸ்நானனைக் காப்பாற்றுவதற்காக! சுவிசேஷத்தை அப்படியே தலைகீழாக்கிய துணிச்சல் அது. கிங் விடோரின் ‘சாலமன் அண்ட் ஷீபா’ (1959), விடுகதைகளால் சாலொமோனின் ஞானத்தைச் சோதிக்க வந்த அரசியை, பார்வோனோடு கைகோத்து அவனைக் கவிழ்க்க வந்த மோகினியாக்கி, முடிவில் அவனுடைய கடவுளிடம் அவளைச் சரணடைய வைக்கிறது.

நான்கிலும் பெண்ணின் நோக்கம் காதலாகவோ மனமாற்றமாகவோ சுருங்குகிறது. காதலியான தெலீலாளை மன்னிப்பது எளிது. வெள்ளிக்காசுக்குப் பேரம் பேசி, எந்த விளக்கமும் தராமல் போய்விட்ட வேதத்துத் தெலீலாளோ இன்னும் சங்கடப்படுத்துகிறாள். டெமில் அந்தச் சங்கடத்திலிருந்து பார்வையாளரை விடுவித்தார். படத்தின் வெற்றியும் அதுதான், குறையும் அதுதான்.