எண்ணும் கையும்: காணொளி விளையாட்டுப் போர்களில் நிலை உயர்வும் ஆட்டத்திறனும்

ஆய்வுச் சுருக்கம்
எதிரியை வெல்வது ஆடுபவரின் திறனா, பாத்திரத்தின் எண்வலிமையா என்னும் வினா காணொளி விளையாட்டுத் திறனாய்வில் தொடர்ந்து எழுகிறது. 'டிராகன் குவெஸ்ட்', 'செகிரோ', 'எல்டன் ரிங்' ஆகிய ஜப்பானிய விளையாட்டுகளை ஒப்பிட்டு, தோல்விக்குப்பின் எஞ்சுவது எது என்பதே இதற்குரிய அளவுகோல் என்று இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, ஆட்டத்திறன், அனுபவப் புள்ளி, நிலை உயர்வு, தோல்வி.

முன்னுரை
எளிய எதிரிகளை மீண்டும் மீண்டும் கொன்று, புள்ளிகள் சேர்த்துப் பாத்திரத்தின் எண்களை உயர்த்துவதை ஆடுவோர் 'கிரைண்டிங்' என்பர். அது வெற்றுழைப்பு, கைத்திறனே உண்மை வெற்றி என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து மறுஆய்வுக்கு உரியது.

எண்ணில் தங்கும் வளர்ச்சி
1986இல் வெளிவந்த டிராகன் குவெஸ்டில் நாயகன் ஒருவனே. ஒரு போரில் எதிரியும் ஒன்றே. தாக்குதல், மந்திரம், பொருள், தப்பியோடல் ஆகிய கட்டளைகளுள் ஒன்றை ஆடுபவர் தேர்கிறார். அடியின் விளைவை எண்களும் தற்செயலும் முடிவுசெய்கின்றன. விரைந்த கைக்கு அங்கு வேலையில்லை. நாயகன் வீழ்ந்தால் பொன்னில் பாதி போகும். அனுபவப் புள்ளிகள் போகா. தோல்விக்கு முன் ஈட்டிய வலிமை பாத்திரத்திடமே நிற்கிறது.

கையில் தங்கும் வளர்ச்சி
ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் செகிரோ (2019) இம்முறையைத் தலைகீழாக்குகிறது. தாக்கு வலிமை, முதன்மை எதிரிகளை வென்று பெறும் நினைவுகளாலேயே பெரிதும் உயர்கிறது. இறப்பு நேரும்போது, அரிதான விலக்கு நீங்கலாக, கையிலுள்ள காசிலும் அனுபவத்திலும் பாதி அழிகிறது. அஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோவிடம் வீழ்ந்தவருக்கு எஞ்சுவது, கீழ்வீச்சு வந்தால் தாவவேண்டும், குத்து வந்தால் வாளை மிதித்து அடக்கவேண்டும் என்னும் அறிவே.

எனினும் இங்கும் எண் மறையவில்லை. குத்தை மிதித்தடக்கும் 'மிகிரி' உத்தியே திறன்புள்ளி கொடுத்துப் பெறுவது. எதிரியின் உயிரளவு குறையக் குறைய, குலைந்த அவனது நிலைப்பாடு மீள்வதும் தாமதமாகிறது. பிற்பகுதியில் கிடைக்கும் ஒரு முகமூடி, ஐந்து திறன்புள்ளிகளைத் தாக்கு வலிமையாக மாற்றித் தருகிறது. ஆதலின் 'தூய திறன்' என்பது விளக்கமன்று, புகழுரையே.

நேரமும் உடலும்
எண்வழி கேட்பது நேரம். கைவழி கேட்பது உடல். நொடிப்பொழுதில் விரலசைக்க இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இரண்டாம் வழி அடைபட்ட கதவாகிறது. செகிரோவில் எளிய ஆட்டநிலை இல்லாமை 2019இல் விவாதமானதில் இச்சிக்கல் முதன்மை பெற்றது. எண்களை உழைத்துச் சேர்ப்பதை இழிவாகப் பேசுவோர், அவ்வுழைப்பே சிலருக்கு ஒரே நுழைவாயில் என்பதைக் காணத் தவறுகின்றனர்.

எல்டன் ரிங் (2022) இருவழியையும் திறந்து வைக்கிறது. மார்கிட்டிடம் தோற்றவர் அங்கேயே பயிலலாம். வேறு நிலம் சென்று வலிமை பெற்றும் திரும்பலாம். ஆனால் மிகையாக வலுப்பெற்றுத் திரும்பியவர் முன் எதிரி தன் அசைவுகளைக் காட்டுமுன்னரே வீழ்கிறான். போரின் நாடகம் இழக்கப்படுகிறது. 2024இல் வந்த விரிவாக்கத்தில் தனியொரு வலிமை சேர்க்கப்பட்டது. அதற்குரிய 'ஸ்கேடுட்ரீ' துண்டுகள் பெரும்பாலும் நிலத்தைத் தேடி அறிவதால் கிடைக்கின்றன. எண் உயர்கிறது, ஒரே கொலையை மீளச் செய்யும் சலிப்பு நீங்குகிறது.

முடிவுரை
திறனும் எண்ணும் பகையல்ல. வளர்ச்சி தங்கும் இருவேறு இடங்கள். தோற்றவர் எதையேனும் பெற்றுத் திரும்புகிறாரா என்பதே ஒரு போரின் தகுதியை அளக்கும். கையிலோ எண்ணிலோ எதுவும் எஞ்சாத தோல்வியே வெற்றுழைப்பாகும்.