சிப் இருக்கு, நம்பர் இருக்கு, ஆள் எங்கே?

போன காணும் பொங்கலன்று முக்கொம்புப் பூங்காவில் ஒரு லாப்ரடார் நாய் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டை இருந்தது, கூட ஆள் இல்லை. கூட்டம் கலைந்த பிறகும் அது போகவில்லை. நண்பரும் நானும் திருச்சியில் ஒரு கால்நடை கிளினிக்கிற்குக் கூட்டிப்போனோம். தோளுக்கு நடுவே ரீடரைக் காட்டியதும் 15 இலக்க எண் வந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் கேட்டார்: "சரி, இதை எங்க போய்த் தேடுறது?"

மைக்ரோசிப்பை ஜி.பி.எஸ். என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அது அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பி. பேட்டரி கிடையாது. ரீடர் பக்கத்தில் வந்தால் தன் எண்ணைச் சொல்லும், அவ்ளோதான். பெயரும் போன் நம்பரும் இருப்பது ஏதோ ஒரு பதிவேட்டில். எந்தப் பதிவேடு என்று எண் சொல்லாது. முதல் மூன்று இலக்கம் இந்தியாவுக்கு 356. 900-க்கு மேல் இருந்தால் அது சிப் தயாரித்த கம்பெனியின் குறியீடு. நாங்கள் பார்த்த எண் 9-இல்தான் தொடங்கியது.

சிப் வீண் என்று சொல்லவில்லை. லிண்டா லார்ட் குழு அமெரிக்காவின் 53 காப்பகங்களில் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. அங்கே வந்து சேர்ந்த தெரு நாய்களில் மொத்தமாகப் பார்த்தால் சுமார் 22 சதவீதம்தான் வீடு திரும்பின; சிப் இருந்தவற்றில் 52 சதவீதம். உரிமையாளர் கிடைக்காமல் போனதற்கு முதல் காரணம், பதிவில் இருந்த போன் நம்பர் தப்பு அல்லது செத்துப்போனது. வேறு பதிவேட்டில் பதிந்திருந்ததும் ஒரு காரணம்.

சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். நல்ல தொடக்கம்தான். ஆனால் பேச்செல்லாம் எத்தனை சிப், எவ்வளவு அபராதம் என்பதிலேயே நிற்கிறது. எத்தனை நாய் வீடு திரும்பியது என்பதல்லவா கணக்கு? நாய்க்கு மாநகராட்சி எல்லை தெரியாது. முக்கொம்பு திருச்சி மாநகராட்சிக்கே வெளியே இருக்கிறது. பிரிட்டனில் நாய்க்குச் சிப் 2016 முதல் கட்டாயம். அங்கும் பதிவேடுகள் பல. ஆனால் எண்ணைக் கொடுத்தால் எதில் இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். விவரங்களைப் புதுப்பித்து வைப்பது வளர்ப்பவரின் சட்டக் கடமை. நமக்கு முதலில் வேண்டியது அந்தப் பொதுத் தேடல்.

கடைசியில் ஆளைக் கண்டுபிடித்தது பூங்கா வாசல் டீக்கடைக்காரர் வாட்ஸ்அப்பில் போட்ட போட்டோ. இரண்டாம் நாள் கரூரிலிருந்து வந்த உரிமையாளர் சொன்னார்: "சிப் போட்டாச்சு சார். தனியா பதிவு பண்ணணும்னு யாருமே சொல்லலையே."

சிப் போடும்போது, எண்ணை எங்கே பதிகிறார்கள், போன் மாறினால் யாரிடம் சொல்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கழுத்துப் பட்டையிலும் போன் நம்பரை எழுதி வையுங்கள்.