முதுமையும் ஊக்கமும்: திரு. வி. க.வின் வாழ்க்கைக் குறிப்புகளை முன்வைத்து

தண்ணீர்மலைக் குன்றின்மேலுள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஏறும் படிகள் 513. அக்கோயில் திறக்கப்பெற்ற 2012-ஆம் ஆண்டில் யான் அவற்றை ஒரே மூச்சில் ஏறியவன். வேண்டுதலொன்றும் இல்லை, நண்பர்களோடு போட்ட பந்தயம். சென்ற ஞாயிற்றுக்கிழமை முந்நூறாவது படிக்குச் சற்று மேலே உட்கார்ந்துவிட்டேன். அறுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் என்னைக் கடந்து செல்கையில், "என்ன தம்பி, இதுக்கே உக்காந்துட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் மேலேறினார். என் பையில் அப்போது திரு. வி. கலியாணசுந்தரனாரின் "வாழ்க்கைக் குறிப்புகள்" இருந்தது. மூச்சு நிதானப்படும் வரையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன் என்பதே இக்கட்டுரையின் தொடக்கம்.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டுகிறேன். முப்பதுகளில் இருப்பவன் முதுமையைப் பற்றி எழுதுவது நகைப்புக்குரியதே. ஆயினும் தோட்டத்துக் கிராணிக்கு முதுமை வயதுக் கணக்கில் வருவதில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செம்பனைக் குலைகளின் எடையைக் கட்டங்களில் நிரப்பி, மாலையில் அதே கட்டங்களைக் கூட்டிச் சரிபார்த்து வீடு திரும்பும் வாழ்வில், ஒரு நாள் "இதுவே போதும்" என்று மனம் சொல்லும். அன்றே அவன் கிழவனாகிவிட்டான். எனக்கு அந்த நாள் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் வந்தது.

திரு. வி. க. 1883-இல் பிறந்தவர். தம் வாழ்க்கைக் குறிப்புகளை 1944-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு அறுபது வயது. ஜவாஹர்லால் நேரு தம் வரலாற்றைச் சிறையிலிருந்து எழுதியபோது நாற்பத்தைந்தை ஒட்டிய வயதினர். அந்நூலில் வரப்போகும் காலத்தின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கிறது. உ. வே. சாமிநாதையரோ எண்பதைக் கடந்தபின் "என் சரித்திரம்" எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றது. திரு. வி. க.வின் நூல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உழைத்து ஓய்ந்த ஒருவர், பகையையும் நட்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கும் நூல் அது.

ஆங்கிலக் கல்வி பயின்ற எனக்கு அதன் உரைநடை முதலில் தடையாயிருந்தது. சிறு சிறு வாக்கியங்கள் அடுக்கடுக்காய் வருகின்றன. மேடைப் பேச்சின் ஓசை அவற்றில் கேட்கிறது. இருபது பக்கம் சென்றபின் அவ்வோசையே நம்மை இழுத்துச் செல்கிறது. அரசியலைத் தமிழில் பேசவும் எழுதவும் கூடும் என்று "தேசபக்தன்" வாயிலாகக் காட்டியவர் அவர். வேற்றுமொழிச் சொற்கள் மலிந்த பத்திரிகை நடையினின்றும் நம்மனோரை மீட்டவர்களுள் அவருக்கு முதலிடம் தருவேன்.

குறை இல்லையோ எனின், உண்டு. யாவற்றிலும் சமரசம் காண விழைவது அவர் இயல்பு. அவ்வியல்பு சன்மார்க்கத்துக்கு அழகாகலாம். வரலாற்றுக்கு எப்போதும் அழகாகாது. 1925-இல் காஞ்சிபுரத்தில் கூடிய மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அங்கே ஏற்கப்படவில்லை, ஈ. வெ. ரா. வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியல் இரண்டாகப் பிரிந்த நாள் அது. அந்த நாளின் சூட்டை அறியும் ஆவலோடு இந்நூலைத் திறப்பவனுக்கு வயிறு நிறைவதில்லை. தலைவர் நாற்காலியில் இருந்தவர் நண்பரை இழக்கும் கணத்தில் என்ன எண்ணினார் என்பதை இன்னும் வெளிப்படையாகக் கேட்க விரும்புகிறேன். முதுமை சினத்தைத் தணிக்கிறது. சில வேளை உண்மையின் கூர்மையையும் சேர்த்தே தணித்துவிடுகிறது.

நிற்க. என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. இப்பெரியார் இளமையில் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கராயிருந்தவர்! அரசியல் ஈடுபாட்டினால் அவ்வேலை போயிற்று. பின்னர்ப் பள்ளியாசிரியரானார். அதையும் விட்டு 1917-இல் "தேசபக்தன்" ஆசிரியரானபோது அவர் வயது முப்பத்து நான்கு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக்கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே பேசியும் எழுதியும் அதை வளர்த்தவர்களுள் இவரும் ஒருவர். அதே 1918-இல் மனைவியார் கமலாம்பிகையை இழந்தார். பெற்ற மக்கள் இருவரையும் முன்னரே இழந்திருந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வெற்றி ஊக்கம் தரும் என்று பள்ளியில் எமக்குக் கற்பித்தார்கள். இவர் வாழ்வில் அந்த வரிசையைக் காணோம். இழப்பு வந்த ஆண்டிலேயே வேலை பெருகுகிறது. துயரை மறக்க உழைத்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது பொருந்தவில்லை. ஆலை வாயிலில் ஒரு கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. அவர் போனார். இவ்வளவே எனக்கு விளங்குகிறது.

வரவு செலவு முடித்துக் கணக்குப் புத்தகத்தை மூடியவர்போல் 1944-இல் அவர் நூலை முடித்தார். கணக்கு முடியவில்லை. 1947-இல் தொழிலாளர் போராட்டத்தையொட்டி அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். பின்னர்ப் பார்வை போயிற்று. கண்ணிழந்த நிலையிலும் பாடல்களைச் சொல்லி எழுதுவித்தார். அவற்றுள் ஒரு நூலுக்கு "முதுமை உளறல்" என்றும், இறுதி நூலுக்குப் "படுக்கைப் பிதற்றல்" என்றும் பெயர்! 1953-இல் மறைந்தார். தம் தளர்ச்சியைத் தாமே எள்ளி, அதே மூச்சில் வேலையும் செய்த கிழவர் அவர். எடைக் கட்டங்களைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறதென்று சென்ற திங்கள் வருந்திய எனக்கு அப்பக்கங்கள் கூச்சமளித்தன.

எம் தோட்டத்தில் மாலைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பொன்று நடத்தி வந்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. மூவர் எஞ்சினர். மூவருக்காக ஒரு வகுப்பா என்று நிறுத்தினேன். நிறுத்தியதற்குக் களைப்பைக் காரணம் சொன்னேன், வயதையும் சேர்த்துக்கொண்டேன். எஞ்சிய மூவருள் ஒருவனுடைய தந்தை, குலை வெட்டுபவர், சென்ற சம்பள நாளன்று கையொப்பமிட்டுவிட்டு நகராமல் நின்றார். "கிராணி ஐயா, பையன் கேட்டுக்கிட்டே இருக்கான். பாடம் இனிமே இல்லதானே?" என்றார். "பார்ப்போம்" என்றேன். ஆங்கிலக் கல்வி எனக்குத் தந்த நாகரிகமான பொய்களுள் அச்சொல்லும் ஒன்று.

அடுத்த சம்பள நாள் புதன்கிழமை. அவர் மீண்டும் வருவார். நூலில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கியிருக்கிறது.