ஆங்கிலம் காணாத இருநூறு தொகுதிகள்

ஒரு நாட்டு மக்கள் எந்நூல்களை மிகவும் விரும்பிப் படித்தனரோ, அந்நூல்களே முதலில் மொழிபெயர்க்கப்பட்டுப் பிற நாடுகளைச் சென்றடையும் என எண்ணுவது இயல்பு. ஜப்பானியப் படக்கதைகளாகிய மங்காவின் வரலாறோ இவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது. ஜப்பானுக்கு வெளியே, நம் நாட்டிலும்கூட, இளைஞர் பெரும்பாலோர் மங்காவை ஆங்கிலத்தின் வழியாகவே அறிகின்றனர். ஆதலின் ஆங்கிலத்திற்கு வந்ததே மங்கா என்றாகிவிடுகின்றது; வாராதது இல்லாததாகிவிடுகின்றது. வாராத நூல்களுக்காக ஏங்கி நிற்கும் அன்பர் கூட்டமும் ஒன்று உண்டு. அவ்வேக்கத்தில் நியாயம் உண்டா, அன்றி அது வெறும் ஆர்வ மிகுதியா என்பதை ஒரு நூலை முன்வைத்து நோக்குவோம்.

அந்நூல் ஓசாமு அகிமோத்தோ எழுதி வரைந்த ‘கோச்சிகாமே’. இஃது அன்பர் இட்ட சுருக்கப்பெயர். ‘கத்சுஷிகா வட்டம், கமேஅரி பூங்காவின் முன்னுள்ள காவற்சாவடி இது’ என்பது முழுப்பெயரின் பொருள். 1976 முதல் 2016 வரை நாற்பது ஆண்டுகள், ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் ஒரு வாரமும் தவறாமல் இக்கதை வந்தது. 2016 செப்டம்பர் 17 அன்று இறுதி அத்தியாயமும் 200ஆம் தொகுதியும் ஒருங்கே வெளியாயின. ஒரே தொடரில் மிகுதியான தொகுதிகள் கண்டதென அவ்வாண்டு கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. ஆசிரியருக்குக் கிகுச்சி கான் பரிசும் அவ்வாண்டே கிடைத்தது. விற்ற படிகள் பதினைந்து கோடிக்கும் மேல். இத்துணைப் பெருமை இருந்தும், அந்த நாற்பதாண்டுகளில் இத்தொடர் ஆங்கிலத்தில் முறையான நூல்வரிசையாக வெளிவரவில்லை.

கதைத்தலைவன் ர்யோத்சு கான்கிச்சி ஒரு சாதாரணக் காவலன். இரு புருவங்களும் ஒன்றாய் இணைந்தவன்; முரட்டு உடலினன்; கடனாளி. பணம் சேர்க்க நாளொரு திட்டம் தீட்டுவான். திட்டம் முதலில் பெருவெற்றி பெறும். பின்னர் அவன் பேராசையினாலேயே சரிந்து விழும். மேலதிகாரி ஓஹாரா சினந்து துரத்துவார். செல்வக் குடியிற் பிறந்தும் காவற்பணி பார்க்கும் நாகாகாவாவும் ரேய்கோவும் உடனிருந்து வியப்பர். எள்ளலும் பேதைமையும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் எனத் தொல்காப்பியம் வகுக்கும். ர்யோத்சு இவ்விரண்டிற்கும் ஒருசேர உரியவன். உலகை அவன் எள்ளுகிறான். தன் பேதைமையால் உலகின் எள்ளலுக்கும் ஆளாகிறான்.

இவ்வளவே எனின் இது வெறும் நகைச்சுவைத் துணுக்குகளின் தொகுப்பாய் முடிந்திருக்கும். இதனை இலக்கியமாக உயர்த்துவது, இதில் ஓடும் காலம். பாத்திரங்களுக்கு வயது ஏறுவதில்லை. அவர்களைச் சூழ்ந்த டோக்கியோ நகருக்கு ஏறுகின்றது. பொம்மைகள் போய்க் கணினி விளையாட்டுகள் வருகின்றன, கைப்பேசி வருகின்றது, பழைய கடைகள் மறைகின்றன. செஞ்சு மின்நிலையத்தின் நான்கு புகைபோக்கிகள் 1964இல் இடிக்கப்பட்டன. நோக்கும் திசைக்கேற்ப ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் தோன்றியமையால், மக்கள் அவற்றைப் பேய்ப் புகைபோக்கிகள் என்றனர். அவை மறைந்த நாளை ர்யோத்சுவின் பிள்ளைப்பருவ நினைவோடு இணைத்து அகிமோத்தோ ஓர் அத்தியாயம் வரைந்துள்ளார். சிரிப்பதற்காகப் பக்கத்தைப் புரட்டியவன் அங்கே ஒரு நகரத்தின் இழப்பை எதிர்கொள்கிறான்.

இத்தகைய நூல் ஏன் கடல் கடக்கவில்லை? பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் மூன்று.

இது மிகையான ஜப்பானியத் தன்மை உடையது, அயலார்க்கு விளங்காது என்பது முதற்காரணம். இதை ஏற்பதற்கில்லை. ரியோகோ இகேதாவின் ‘வெர்சாய் ரோஜா’ பிரெஞ்சுப் புரட்சியைப் பாடுவது. ஐரோப்பியர் நன்கறிந்த வரலாறு. 1972இல் தொடங்கிய அதன் முழுமையான ஆங்கிலப் பதிப்பு 2020இல்தான் வெளிவரத் தொடங்கிற்று. ‘அஷிதா நோ ஜோ’ குத்துச்சண்டை வீரன் ஒருவனின் கதை. குத்துச்சண்டை எந்நாட்டார்க்கும் விளங்குவது. அதில் ரிகிஇஷி என்னும் பாத்திரம் இறந்தபோது, 1970இல் டோக்கியோவில் மெய்யாகவே ஓர் இறுதிச் சடங்கு நடத்தினர், நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். 1968இல் தொடங்கிய அக்கதைக்கு ஆங்கில நூற்பதிப்பு 2024இல் தொடங்கிற்று. எனவே தடை நிற்பது அயன்மையில் அன்று. பழைய நூல், நீண்ட நூல், உடன் விற்க வேறொன்றில்லாத நூல் என்னும் வணிகக் கணக்கில் என்க.

சொல் விளையாட்டை மொழிபெயர்க்க இயலாது என்பது இரண்டாவது காரணம். இயலும் என்பதற்கு ‘ஆஸ்டெரிக்ஸ்’ சான்று. பிரெஞ்சு மூலத்தில் நாய்க்குட்டியின் பெயர் ‘மாறாத எண்ணம்’ என்னும் பொருள்பட ‘இடேஃபிக்ஸ்’ என அமைந்திருந்தது. ஆன்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இருவரும் அதனை ‘டாக்மாடிக்ஸ்’ ஆக்கினர். நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பிடிவாதம் என்னும் பொருளும் அப்பெயரில் ஒருங்கே அமைந்தன. அலுவலகக் கோப்பில் ஒரு குறிப்பை மொழிபெயர்ப்பார்க்குச் சொல்லுக்குச் சொல் போதும். நகையை மொழிபெயர்ப்பார்க்குச் சிரிப்புக்குச் சிரிப்பு வேண்டும். அரிய பணிதான், ஆயினும் செய்து காட்டப்பட்ட பணி.

மூன்றாவது காரணம் நீளம். இது மெய்யான தடை. இருநூறு தொகுதிகளை அச்சிட்டு, இறுதிவரை வாங்குவார் உளரா எனப் பதிப்பாளர் தயங்குவதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயின் இதற்கும் வழி உண்டு. 1968இல் தொடங்கி, 2021இல் 201ஆம் தொகுதி கண்டு கோச்சிகாமேயின் சாதனையைக் கடந்த ‘கோல்கோ 13’ என்னும் தொடரிலிருந்து தேர்ந்த கதைகளை, 2006 முதல் 2008 வரை பதின்மூன்று ஆங்கிலத் தொகுதிகளாக வெளியிட்டனர். கோச்சிகாமேயின் அத்தியாயங்களும் பெரும்பாலும் தனித்து நிற்பவை. தேர்ந்தெடுப்பதால் கதை அறுபடாது.

ஆயினும் தேர்வில் ஓர் இடர் உண்டு. ஹிகுராஷி என்றொரு பாத்திரம். ஒலிம்பிக் நடைபெறும் ஆண்டில் மட்டும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உறக்கத்தினின்றும் எழுபவன். வாசகனும் நான்காண்டு காத்திருந்தாலன்றி இந்நகை முழுமை பெறாது. நல்லன மட்டும் பொறுக்கி, ஆண்டு குறியாது அடுக்கினால், கோச்சிகாமே தன் உயிராகிய காலத்தை இழந்துவிடும். எனவே தேர்வு ஆண்டு வரிசையில் அமைதல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டிற்கும் சிறு குறிப்பும் வேண்டும். தொடக்க அத்தியாயங்களில் எடுத்ததற்கெல்லாம் துப்பாக்கி தூக்கும் முரட்டு ர்யோத்சுவையும் மறைத்தல் கூடாது. பிற்காலத்தில் சில அத்தியாயங்கள் புதுப் பொருள்களின் பட்டியலாகவே நீள்வதையும் ஒளிக்க வேண்டுவதில்லை. குறையும் உடன் வந்தாலன்றி நூல் வந்ததாகாது.

அன்பர்கள் தாமே பக்கங்களைப் படியெடுத்து, மொழிபெயர்த்து, காசு பெறாமல் பரப்புகின்றனரே; அது போதாதா என்பர் சிலர். அவ்வுழைப்பின் பின்னுள்ள அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது மூல ஆசிரியரின் இசைவின்றி நடப்பது. அவருக்கு ஒரு காசும் சேராதது. ஆர்வம் தளர்ந்த இடத்தில் நின்றுவிடுவது. நூலகத்தில் இடம்பெற இயலாதது. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பாரும் இலர். முறையான பதிப்பை அன்பர்கள் வேண்டுவது, இலவசமாகக் கிட்டுவதை விட்டு விலை கொடுக்க முன்வருவதாகும். இவ்வேக்கத்தின் நேர்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னொன்றும் கருதத்தக்கது. கோச்சிகாமே 1996 முதல் 2004 வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் அசைவுப்படத் தொடராக வந்தது. அதனை ஹங்காமா தொலைக்காட்சி நம் நாட்டில் இந்தியில் ஒளிபரப்பியது. வடபுலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் ர்யோத்சுவை இந்தி பேசுபவனாகவே அறிவர். அயலார்க்கு விளங்காது எனப்பட்ட காவலனை, ஜப்பானைக் கண்டறியாத சிறுவர்கள் தம் தெருவில் வாழ்பவனாக ஏற்றுச் சிரித்தனர். விளங்காமை என்னும் வாதத்திற்கு இதனினும் தெளிவான மறுப்பு இல்லை. ஆயின் திரையில் அவர்கள் கண்டது அவனுடைய குறும்பை மட்டுமே. நாற்பதாண்டு நகரம் புத்தகத்தில்தான் இருக்கின்றது. அச்சிறுவர்கள் வளர்ந்து அதனைத் தேடும்போது, ஜப்பானியம் அறியாத அவர்களுக்குக் கதவு அடைத்திருக்கின்றது.

எனவே அன்பர்களின் ஏக்கம் வெறும் ஆர்வ மிகுதி அன்று. நியாயமான இலக்கியக் கோரிக்கையே என்பது நம் முடிபு. போரும் வீரமும் மாயமும் நிறைந்த கதைகள் வந்துகொண்டேயிருக்கும். அவற்றுக்கு வாங்குவார் உளர். கடன்பட்டும் ஏமாந்தும் மறுநாள் மீண்டும் சிரிக்கும் எளிய மனிதனின் கதையும் உடன் வந்தால்தான், ஜப்பானியர் எவற்றைக் கண்டு சிரித்தனர், எவற்றை இழந்து வருந்தினர் என்பதை உலகம் அறியும். இருநூறும் வேண்டுமென்று கேட்கவில்லை. ஆண்டு முறையில் தேர்ந்த இருபது தொகுதிகளேனும் வரட்டும். அவ்விருபதைப் படித்தவர் எஞ்சியவற்றையும் கேட்பர் என்பதில் நமக்கு ஐயமில்லை.