சேருக்கு எட்டு ரூபாய், சுமைக்கு எவ்வளவு?

ஒரு பிளாஸ்டிக் சேருக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று அரசாங்கமே எழுதி வைக்கும் காலம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. அது தேர்தல் காலம். வேட்பாளரின் செலவைக் கணக்கிட ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் அலுவலர் ஒரு விலைப் பட்டியல் வெளியிடுவார். சேர், சாமியானா, மேடை, ஒலிபெருக்கி, டீ, பிரியாணி என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு தொகை இருக்கும். சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2022-இல் 40 லட்சமாக உயர்ந்தது. கூட்டத்தில் போட்ட ஆயிரம் சேரும் அந்த வரம்பைத்தான் தின்னும். அதனால் ‘பட்டியலில் விலை அதிகம்’ என்று கட்சிக்காரர்கள் முறையிடுவதும் உண்டு.

அந்தப் பட்டியல் வாடகைக் கடைக்காரருக்காகப் போடப்படுவது கிடையாது. ஆனாலும் அதன் அடிப்படை அவருடைய நோட்டிலிருந்தே வந்தது: உருப்படிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு. தெருமுனை வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து நகரத்து டெக்கரேஷன் கான்ட்ராக்டர் வரை தொழிலின் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பக்கத்துக் கடையில் சேர் எட்டு ரூபாய் என்றால் இங்கேயும் எட்டு. அங்கே பெரிய அண்டா நூறு என்றால் இங்கேயும் நூறு.

இதில் நல்லது இல்லாமல் இவ்வளவு காலம் நிலைத்திருக்காது. கல்யாண வீட்டுக்காரர் போனில் கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். சமையல் மாஸ்டர் எழுதித் தரும் சாமான் லிஸ்ட்டில் அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, ஜல்லிக் கரண்டி, சாம்பார் வாளி என்று வரிசையாக இருக்கும். எதிரே எண்ணிக்கையைப் போட்டுப் பெருக்கினால் பில் முடிந்தது. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கூட ‘இருநூறு சேர், எட்டு ரூபாய், ஆயிரத்து அறுநூறு’ என்று விரல்விட்டுச் சரிபார்க்க முடியும். பேரம் வந்தாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயோடு நின்றுவிடும். வாடிக்கையாளருக்குப் புரியாத விலையைவிடப் புரிகிற விலை சண்டையைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் கடைக்காரரின் பக்கத்தில் இருக்கிறது. அவருக்குச் செலவு எங்கே ஆகிறதோ, அங்கே இந்தக் கணக்கு கை வைப்பதே இல்லை.

ஓர் உதாரணத்துக்கு, சேரின் விலை 500 ரூபாய், வாடகை 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டில் 45 தடவை வெளியே போனால் 360 ரூபாய் வரும். ஒன்றரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். காகிதத்தில் அருமையான தொழில். இப்போது ஒரு பிறந்தநாள் விழாவுக்கு 50 சேர் கேட்கிறார்கள். வாடகை 400 ரூபாய். குட்டியானை கொண்டுபோய் இறக்க ஒரு நடை, மறுநாள் எடுத்துவர ஒரு நடை. கடையில் ஏற்ற, வீட்டில் இறக்க, வீட்டில் ஏற்ற, கடையில் இறக்க என்று ஒவ்வொரு சேரும் நாலு தடவை கை மாறும். வண்டிக்கும் ஆளுக்குமாக 1,200 ரூபாய் ஆகிறது என்றால் இந்த ஆர்டரில் 800 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. அதே செலவை ஈடுகட்டவே 150 சேர் போயாக வேண்டும். 300 சேர் கேட்கும் ரிசப்ஷனில் கூலி கொஞ்சம் கூடினாலும் 2,400 ரூபாய் வரும்; அங்கேதான் லாபம். ஆக, யாரும் தீர்மானிக்காமலேயே பெரிய கல்யாணம் சின்னப் பிறந்தநாளுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

தேய்மானமும் இதே கதைதான். வருமான வரிக் கணக்கில் மேசை நாற்காலிகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். அலுவலகத்தில் ஒரே இடத்தில் கிடக்கும் நாற்காலிக்கு அது பொருந்தும். வாடகைச் சேர் ஆள் உட்கார்ந்து தேய்வதைவிட, வண்டியிலிருந்து அடுக்கோடு வீசப்படும்போதும், ஒட்டிக்கொண்ட அடுக்கை உதைத்துப் பிரிக்கும்போதும்தான் கால் விரிகிறது. அதன் ஆயுளைத் தீர்மானிப்பது எத்தனை நாள் வெளியே இருந்தது என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதே. சாமியானா இன்னும் மோசம். மழையில் நனைந்து திரும்பிய துணியை அப்படியே மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும். மொட்டை மாடியிலோ காலி மனையிலோ விரித்துக் காய வைக்க வேண்டும். அந்த வேலைக்கும், அது காயும்வரை வேறு ஆர்டருக்குப் போக முடியாமல் கிடப்பதற்கும் பில்லில் ஒரு வரி கிடையாது.

அப்படியானால் வாடகையையும் சுமைக்கூலியையும் பிரித்துவிடலாமே என்று கேட்கலாம். பிரித்துப் பார்த்தால் கணக்கு சுவாரசியமாக மாறுகிறது. சேருக்கு 5 ரூபாய், கொண்டுவந்து எடுத்துப்போக 1,000 ரூபாய் என்று வைத்தால் 300 சேருக்கு 2,500 ரூபாய். பழைய கணக்கிலிருந்து நூறு ரூபாய்தான் வித்தியாசம். 50 சேருக்கோ 400 ரூபாய் 1,250 ஆகிவிடுகிறது. அடி விழுவது சின்ன ஆர்டரில். ஆனால் அந்தச் சின்ன வீட்டுக்காரர் பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். ‘நீங்களே வந்து எடுத்துக்கிட்டா அஞ்சு ரூபா கணக்குதான்’ என்று சொல்லிவிட்டால், மைத்துனனின் ஆட்டோவிலோ பக்கத்து வீட்டு மீன்பாடி வண்டியிலோ 250 ரூபாயோடு வேலை முடியும். எல்லாவற்றையும் எட்டு ரூபாய்க்குள் அடக்கிய பழைய முறையில் அவருக்கு அந்த வழியே இல்லாமல் இருந்தது.

மக்கள் இந்தப் பிரிவினையை ஏற்க மாட்டார்கள் என்பது கடைக்காரர்களின் பழைய பயம். அதே கடையில் ஜெனரேட்டர் எடுப்பவரைப் பார்த்தால் அந்தப் பயம் அவ்வளவு நியாயமாகத் தெரியாது. வாடகை தனி, டீசல் தனி என்பதை எந்தக் கல்யாண வீடும் கேள்வி கேட்பதில்லை. டீசல் தீர்வது கண்ணுக்குத் தெரிகிறது. சுமை தூக்குபவரின் முதுகும் தெரியத்தான் செய்கிறது, பில்லில் மட்டும் அதற்கு இடம் வைக்கவில்லை.

‘ஒரு நாள்’ என்பதும் இழுத்த இழுப்புக்கு வரும் அளவு. முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம்: காலண்டரில் இரண்டு தேதி, ஊர் வழக்கில் ஒரே விசேஷம், ஒரே வாடகை. அதில் தப்பில்லை. ஆனால் வெள்ளி மதியம் போன சாமான் ‘ஞாயிறு சாயங்காலம் எடுத்துக்குங்க’ என்று மண்டபத்தில் கிடந்தால், நடுவில் வந்த ஓர் ஆர்டர் கைநழுவியிருக்கும். விசேஷம் ஒன்றுக்கு இவ்வளவு, இன்ன நேரத்துக்குள் திரும்பாவிட்டால் இவ்வளவு கூடுதல் என்று எழுதுவதே இருவருக்கும் நேர்மையான ஏற்பாடு. நாள் கணக்கு இரண்டையும் குழப்பிவிடுகிறது.

திரும்ப எண்ணும் நேரத்தைப் பார்த்தால்தான் இந்தத் தொழிலின் இன்னொரு ஓட்டை தெரியும். கடைசிப் பந்தி முடிந்து, மண்டபத்தின் பின்கட்டில் எச்சில் வாளிகளுக்கு நடுவே கடைப் பையன் குந்தி உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளர்களைப் பத்துப் பத்தாக அடுக்குகிறான். விளிம்பைத் திருப்பிப் பார்த்து, புள்ளி புள்ளியாக வெட்டிய கடைப் பெயர் இருக்கிறதா என்று தடவுகிறான். வேறு கடையின் இனிஷியல் போட்ட இரண்டு டம்ளர் வந்திருக்கிறது. இந்தக் கடைக் கரண்டிகள் சில போயிருக்கின்றன. சாட்சிக்கு வீட்டாரில் யாரும் இல்லை, எல்லோரும் பெண்ணை அனுப்பப் போய்விட்டார்கள். இந்த எண்ணிக்கையை மறுநாள் போய்ச் சொன்னால் ‘நாங்க எல்லாத்தையும் சரியா குடுத்துட்டோமே’ என்றுதான் பதில் வரும். டெபாசிட் வாங்கும் கடைகள் இதில் ஓரளவு பிழைக்கின்றன. அங்கும் கேள்வி இருக்கிறது: ஐந்து வருஷம் உழைத்த கரண்டி தொலைந்தால் புதுக் கரண்டியின் விலையைப் பிடிப்பது நியாயமா? கடைக்காரர் புதிதாகத்தான் வாங்கியாக வேண்டும். வீட்டாருக்கோ அது பழைய கரண்டி. உருப்படிவாரியாகத் தொலைந்தால் என்ன விலை என்பதை முன்கூட்டியே பில்லில் அச்சடித்துவிட்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கும். அதைச் செய்யும் கடைகள் குறைவு.

முகூர்த்த நாள் விலை பற்றி எப்போதும் இரண்டு கட்சி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோயில் கூழும் திருவிழாவும் கொஞ்சம் கைகொடுக்கும், மார்கழியில் அதுவும் அரிது. தை, வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் ஊரில் உள்ள சேர் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. இருக்கிற 300 சேரோடு இன்னும் 200 சேரைக் கடைக்காரர் வாங்குவது அந்தச் சில நாட்களுக்காகத்தான். மற்ற நாளெல்லாம் அவை குடோனில் தூசி தின்னும். உச்ச நேரத்துக்காகப் போட்ட முதலீட்டின் பாரத்தை உச்ச நேரத்தில் பயன்படுத்துபவரே ஏற்க வேண்டும் என்று பிரெஞ்சுப் பொருளியலாளர் மார்செல் புவாத்தோ 1949-இல் மின்கட்டணத்தை வைத்து வாதிட்டார். அந்தத் தர்க்கம் இங்கே அப்படியே பொருந்தும். ஆனாலும் தீபாவளிக்கு ஆம்னி பஸ் கட்டணம் ஏறும்போது கிளம்பும் கோபத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பஸ்காரர் முகம் தெரியாதவர். வாடகைக் கடைக்காரர் அடுத்த விசேஷத்துக்கும் அதே தெருவில் இருப்பவர். விலையை ஏற்றாமல், முகூர்த்த நாளில் குறைந்தது 150 சேர் எடுத்தால்தான் வண்டி வரும் என்று வரம்பு வைப்பது இருவர் முகத்தையும் காப்பாற்றும். ஏழைக் கல்யாணத்துக்கு அதுவும் இடிக்கும். அதை மறைக்க முடியாது.

இன்னொரு விலை பில்லில் வருவதே இல்லை. லிஸ்ட் எழுதும் சமையல் மாஸ்டரும், கடையைக் கைகாட்டும் மண்டப மேனேஜரும் பல ஊர்களில் கமிஷன் எதிர்பார்க்கிறார்கள். லிஸ்ட் எழுதுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்பதால் நாலு அண்டா போதும் என்ற இடத்தில் ஆறு எழுதுவது எளிது. உருப்படிக் கணக்கின் தெளிவு இங்கே ஏமாற்று வேலைக்கே உதவுகிறது: ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கும், மொத்தம் மட்டும் வீங்கியிருக்கும்.

வரி வேறு இருக்கிறது. பந்தல், சாமியானா ஒப்பந்தங்கள் 2004-இல் சேவை வரிக்குள் வந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பதிவுபெற்ற பந்தல்காரர் 18 சதவீதம் சேர்த்துத்தான் பில் போட வேண்டும். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ளவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2019 ஏப்ரலிலிருந்து 50 லட்சம் வரை உள்ள சேவைத் தொழிலுக்கு 6 சதவீதத் தொகுப்புத் திட்டம் உண்டு. ஆனால் அந்த 6-ஐ வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது, எட்டு ரூபாய்க்குள்ளிருந்தே கட்ட வேண்டும். பக்கத்துக் கடையைப் பார்த்து விலை வைப்பவர் மறக்கும் இடம் இது. பக்கத்துக் கடை 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் அந்த எட்டும் இந்த எட்டும் ஒன்றாகாது.

சாவு வீட்டில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் ஒதுங்கி நிற்கும். தகவல் வந்த ஒரு மணி நேரத்துக்குள் சேரும் சாமியானாவும் ஐஸ் பெட்டியும் போய்விடும். அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இல்லை. பல இடங்களில் பணம் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகே வருகிறது. வணிகக் கண்ணால் பார்த்தால் இது வட்டியில்லாக் கடன். ஆனால் அந்த வீட்டின் அடுத்த கல்யாண ஆர்டர் எந்தக் கடைக்குப் போகும் என்பதைக் கடைக்காரர் நன்றாக அறிவார். இந்தச் சலுகையைக் குறை சொல்ல இடமில்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 2020-இல் ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாடு வந்தபோது, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வாங்கிய அட்வான்ஸை என்ன செய்வது என்று சொல்ல எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை. ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தவர்களும் அதைத் தெருக்காரரிடம் காட்டத் தயங்கினார்கள். ஒரு மாதம் முன்பு ரத்து செய்தால் முழுப் பணம், ஒரு வாரம் முன்பு என்றால் பாதி, பந்தலுக்குக் குழி தோண்டிய பிறகு என்றால் எதுவும் இல்லை என்று படிப்படியாக எழுதிய நிபந்தனையை வாய்விட்டுப் படித்துக் காட்டலாம், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும். பொடி எழுத்து வரியோ இன்றும் பெரும்பாலான பில் புத்தகங்களில் அப்படியே அச்சாகி வருகிறது.